குளிர்கால மின்சாரமும் குடும்பச் சிக்கனமும்

பியர்பொன்ட்ஸ் வாழ் தமிழர் வீடுகளில் மின்சாரக் கட்டணத்துக்குத் தனிப் பெயர் ஒன்று வழங்குகிறது. மின்கட்டணம் என்று எவரும் சொல்வதில்லை. 'ஹைட்ரோ வந்துவிட்டது' என்பதே பேச்சு. நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று இந்த மாகாணத்தில் மின்சாரத்தின் பெயராகவே ஆகிவிட்டது. ஏனெனில் இங்கு எரியும் ஒவ்வொரு விளக்குக்கும், சூடாகும் ஒவ்வோர் அறைக்கும் பின்னால் ஓர் ஆறு இருக்கிறது.

மின்சாரமின்றி வாழ்வது எப்படி என்பதை ஈழத்தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் இருளில் இருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகவே, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் இட்டு, சில துளி எண்ணெயில் எரியும் விளக்கின் கீழ் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். இலங்கை முழுவதும் 2022-ஆம் ஆண்டில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததையும் உறவினர் வாயிலாக இங்குள்ளோர் அறிவர்.

ஆயினும் ஊரில் கற்ற சிக்கனம் வெளிச்சத்தின் சிக்கனம். இங்கு வேண்டப்படுவது வெப்பத்தின் சிக்கனம். முன்னதற்கு அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைத்தால் போதும். பின்னதற்குச் சுவரையும் யன்னலையும் நாளின் நேரத்தையும் அறிந்திருக்க வேண்டும். மேலும், விளக்கை முற்றாக அணைத்தால் இருள் மட்டுமே சூழும். ஜனவரி மாதத்தில் வெப்பத்தை முற்றாக அணைத்தால் உயிருக்கே ஆபத்து நேரும். இந்த வேறுபாட்டை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

மின்சாரம் யாருடையது?

இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை மொன்றியல் மாநகரின் மின்சாரமும் எரிவாயுவும் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தன. விலை அதிகம், சேவை குறைவு என்ற மக்களின் முறைப்பாடு நீண்டகாலம் ஒலித்தது. 1944 ஏப்ரல் 14 அன்று பிரதமர் அடெலார் கொட்பூவின் மாகாண அரசு அந்நிறுவனத்தைக் கையேற்று ஹைட்ரோ-கியூபெக்கை நிறுவியது. பின்னர் 1962-ஆம் ஆண்டில், இயற்கை வளத்துறை அமைச்சராக இருந்த ரெனே லெவெக், மாகாணத்தின் ஏனைய தனியார் மின் நிறுவனங்களையும் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று வாதிட்டார். பிரதமர் ஜான் லெசாஜ் அதனையே மக்கள் முன் வைத்துத் தேர்தலில் வென்றார். 1963 மே 1 முதல் அந்நிறுவனங்கள் பொதுச் சொத்தாயின.

அப்போது கிராமப்புற மின் கூட்டுறவுச் சங்கங்களும் அநேகமாக அனைத்தும் ஹைட்ரோ-கியூபெக்குடன் இணைந்தன. சென்-ஜான்-பத்திஸ்ட் டி ரூவில் என்ற ஊரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றே தனித்து நிலைத்தது. இன்றும் அது தன் உறுப்பினர்களுக்கு மின்சாரம் வழங்கி வருகிறது. அதுபோலவே ஷெர்புரூக், ஜொலியெட், மாகோக் உள்ளிட்ட ஒன்பது நகரங்கள் தமக்கெனச் சொந்த மின்விநியோக அமைப்பை வைத்திருக்கின்றன. மொன்றியல் தீவிலேயே வெஸ்ட்மவுண்ட் நகரம் அத்தகையது. பியர்பொன்ட்ஸ் வீடுகளுக்கோ ஹைட்ரோ-கியூபெக்கே நேரடியாக மின்சாரம் வழங்குகிறது. கூட்டுறவாயினும் நகரசபையாயினும் மாகாண நிறுவனமாயினும் மின்சாரம் மக்களின் சொத்து என்பதே இவற்றின் பொது அடிப்படை.

இந்தச் சொத்துக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டில் பிரதமர் றொபேர்ட் புராசா ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தை அறிவித்தபோது, அந்நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்த கிரீ, இனுயிட் மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். அதன் பயனாக 1975 நவம்பர் 11 அன்று ஜேம்ஸ் விரிகுடா உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வேட்டை நிலங்கள் பல நீரில் மூழ்கின. மொன்றியலுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் வடக்கேயுள்ள அந்த ஆற்றின் ஆற்றல்தான் 735 கிலோவோல்ட் கம்பிகள் வழியே இங்கு வந்து சேர்கிறது. நிலத்தை இழப்பது இன்னதென்று அறிந்த ஒரு சமூகம் இதனை நன்றியோடு நினைவில் கொள்ளும். ஆகவே மின்சாரத்தை வீணாக்காதிருப்பது பணத்தின் கணக்கு மட்டும் அன்று.

கட்டணத் தாளை வாசிக்கும் முறை

வீடுகளுக்குரிய பொதுக் கட்டணம் 'டி' வகை எனப்படும். இதில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, மின்சாரம் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் ஒவ்வொரு நாளுக்கும் செலுத்த வேண்டிய இணைப்புக் கட்டணம். இரண்டாவது, நாளொன்றுக்கு முதல் 40 கிலோவாட் மணிக்குரிய குறைந்த விலை. மூன்றாவது, அதற்கு மேற்பட்ட பாவனைக்குரிய கூடிய விலை. 2025 ஏப்ரல் 1 முதல் இவை முறையே 46.154 சதம், 6.905 சதம், 10.652 சதம் என அமைந்தன. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று இந்த விலைகள் திருத்தப்படுவதால், கட்டணத் தாளில் அச்சாகியுள்ள விலையையே கணக்குக்குக் கொள்ள வேண்டும். வரிகள் இதற்குப் புறம்பானவை.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஜனவரி மாதத்தில் ஒரு வீடு நாளொன்றுக்கு 90 கிலோவாட் மணி பாவிக்கிறது என்று கொள்வோர், முதல் 40-க்கு 2 டொலர் 76 சதமும், எஞ்சிய 50-க்கு 5 டொலர் 33 சதமும், இணைப்புக்கு 46 சதமும் கூட்டினால் நாளுக்கு ஏறத்தாழ 8 டொலர் 55 சதம் வரும். முப்பது நாளுக்கு அது ஏறத்தாழ 256 டொலர். இவ்வீட்டார் தம் பாவனையில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 9 கிலோவாட் மணியைக் குறைத்தால், குறையும் அந்த ஒன்பதும் கூடிய விலைக்குரியவையே. எனவே நாளுக்கு 96 சதம், மாதத்துக்கு ஏறத்தாழ 29 டொலர் மிஞ்சும். குளிர்காலத்தில் சேமிக்கப்படும் ஒவ்வோர் அலகும் கோடைகாலத்தில் சேமிக்கப்படும் அலகை விடப் பெறுமதி வாய்ந்தது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

வெப்பம் போகும் வழி

இம்மாகாணத்தில் மின்சாரத்தால் வெப்பமூட்டப்படும் வீட்டில், ஆண்டு முழுவதுக்குமான மின்பாவனையின் பெரும் பங்கு வெப்பமூட்டலுக்கே செல்கிறது. அதற்கு அடுத்த இடம் சுடுநீருக்கு. விளக்கு, தொலைக்காட்சி, சமையல் ஆகியன அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. பிள்ளைகள் விளக்கை அணைக்க மறந்ததற்குக் கண்டிக்கும் வீட்டில், கதவின் கீழ் இடைவெளி வழியே இரவு பகலாக வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கலாம்.

முதல் வேலை காற்றுப் புகும் இடங்களைக் கண்டறிதல். காற்று வீசும் குளிர்நாளில் ஈரமான கையை யன்னல் ஓரங்களிலும், வாசற்கதவைச் சுற்றியும், வெளிச்சுவரிலுள்ள மின்செருகிகளின் அருகிலும் பிடித்தால் குளிர்காற்று தெரிந்துவிடும். கதவுக்கு இறப்பர்ப் பட்டியும், யன்னலுக்கு உட்புறம் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் வன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. இவை சிறு செலவில் முடியும் வேலைகள். வாடகைக்கு இருப்போரும் செய்யத்தக்கவை.

இரண்டாவது, சுவரடி ஹீட்டர்களைப் பாவிக்கும் முறை. வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை 28 பாகைக்குத் திருப்பினால் அறை விரைவாகச் சூடாகும் என்பது பலருடைய எண்ணம். அது தவறு. சுவரடி ஹீட்டர் எப்போதும் ஒரே வேகத்திலேயே வெப்பத்தைத் தரும். கூட்டி வைத்தால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் தொடர்ந்து எரியும், அவ்வளவே. பகலில் ஆட்கள் இருக்கும் அறைக்கு 20 அல்லது 21 பாகை போதுமானது. உறங்கும்போதும் வீட்டில் எவரும் இல்லாதபோதும் இரண்டு மூன்று பாகை குறைக்கலாம். பழைய சுழல் கருவிகளை நீக்கி மின்னணுக் கருவிகளைப் பொருத்தினால் வெப்பநிலை ஏறி இறங்காது, செலவும் குறையும்.

சோபாவையும் நீண்ட திரைச்சீலையையும் ஹீட்டருக்கு முன்னால் வைத்தால் வெப்பம் அறைக்குள் பரவாது. ஈர உடுப்பை ஹீட்டரின் மேல் உலர்த்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தீ விபத்துக்கு நேர்வழி. கட்டாயம் கைவிடப்பட வேண்டியது.

மூன்றாவது, சுடுநீர். நீரைக் குறைவாகப் பாய்ச்சும் குளியல் தூவியைப் பொருத்துவதும், உடுப்பைக் குளிர்நீரில் துவைப்பதும் எளிய வழிகள். சமையலில் பருப்பையும் கடலையையும் முன்கூட்டியே ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் அவிப்பதால் மின்சாரம் மிஞ்சுவதோடு வேறொரு நன்மையும் உண்டு. பானையைத் திறந்து நெடுநேரம் கொதிக்க விட்டால் ஆவி குளிர்ந்த யன்னலில் நீராகப் படிந்து, நாளடைவில் பூஞ்சணம் பிடிக்கும். சிறுவரின் மூச்சுக்கு அது கேடு.

உச்ச வேளை

இம்மாகாணத்தின் மின்நிலையங்கள் 37,000 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தி செய்ய வல்லவை. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அது தாராளமானது. ஆனால் 2023 பெப்ரவரி 3 அன்று கடுங்குளிர் இறங்கியபோது, மாலை வேளையில் மாகாணத்தின் தேவை 42,000 மெகாவாட்டைத் தாண்டிப் புதிய உச்சத்தைத் தொட்டது. லாப்ரடோரின் சர்ச்சில் நீர்வீழ்ச்சியிலிருந்து வரும் மின்சாரமும், காற்றாலைகளும், அயலாரிடம் வாங்கும் மின்சாரமும் அந்நேரத்தில் கைகொடுக்கின்றன. ஆண்டில் சில மணித்தியாலங்களுக்காக மட்டும் புதிய அணைகளைக் கட்டுவது எவருக்கும் இலாபம் அன்று.

ஆகவே டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரையான காலத்தில், விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு ஹைட்ரோ-கியூபெக் இரு வழிகளை வழங்குகிறது. குளிர்காலக் கழிவு முறையில், அறிவிக்கப்பட்ட உச்ச வேளையில் வழமையைவிடக் குறைத்துப் பாவித்த அளவுக்குக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும். குறைக்க இயலாவிட்டால் தண்டம் எதுவும் இல்லை. 'ஃப்ளெக்ஸ் டி' முறையிலோ ஏனைய நேரங்களில் விலை குறைவு. உச்ச வேளையில் மிகவும் அதிகம். உச்ச வேளைகள் காலையிலும் மாலை 4 மணி முதல் 8 மணி வரையும் அமையும். முதல் நாளே அறிவித்தல் வந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளும் வயோதிபரும் மாலையில் வீட்டிலிருக்கும் குடும்பத்துக்கு முதலாவது முறையே பாதுகாப்பானது. சலவை இயந்திரத்தையும் உலர்த்தியையும் பாத்திரங்கழுவியையும் இரவு 8 மணிக்குப் பின் இயக்குவது, இரவுச் சமையலை நண்பகலில் முடித்து வைப்பது, 4 மணிக்கு முன் வீட்டைச் சற்றே சூடாக்கிப் பின்னர் ஒன்றிரண்டு பாகை குறைப்பது ஆகியவையே போதும்.

சிக்கனம் கூடாத இடங்கள்

சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. பென்ஷன் பணத்தில் தனியே வாழும் மூதாளர் சிலர், பிள்ளைகளுக்குச் சுமையாகக் கூடாது என்றெண்ணி ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் ஒடுங்குவதுண்டு. முதுமையில் உடல் தன் வெப்பம் குறைவதை விரைவில் உணராது. கைநடுக்கமும் பேச்சுத் தடுமாற்றமும் தோன்றும்போது நிலைமை முற்றியிருக்கும். மூதாளரும் கைக்குழந்தைகளும் நோயாளரும் உள்ள வீட்டில் வெப்பத்தைக் குறைத்துப் பணம் சேர்ப்பது சேமிப்பு ஆகாது.

சுடுநீர்த் தாங்கியின் வெப்பநிலையையும் 60 பாகைக்குக் கீழே இறக்கலாகாது. அதற்குக் குறைந்த வெப்பத்தில் லெஜியனெல்லா என்னும் கிருமி பெருகி நுரையீரலைத் தாக்கக்கூடும். ஆளில்லாத அறையாயினும் வெப்பத்தை முற்றாக நிறுத்தினால் குழாய் நீர் உறைந்து வெடிக்கும். அச்செலவு பல குளிர்காலங்களின் சேமிப்பை விழுங்கிவிடும். சமையல் அவனின் கதவைத் திறந்து வைத்து வீட்டைச் சூடாக்குவதும் ஆபத்தானது.

மின்சாரம் தடைப்படும்போது

1998 ஜனவரியில் பெய்த உறைபனி மழையை இங்கு நெடுங்காலம் வாழ்வோர் மறந்திருக்க மாட்டார்கள். கம்பிகளில் பனிக்கட்டி திரண்டு கோபுரங்கள் சரிந்தன. இம்மாகாணத்தில் ஏறத்தாழ 14 இலட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தனர். சிலருக்கு அது மீண்டுவர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. 2023 ஏப்ரல் 5 அன்றும் உறைபனி மழையால் மரங்கள் முறிந்து கம்பிகளில் விழ, ஏறத்தாழ 11 இலட்சம் வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினர்.

இத்தகைய வேளைகளில் குளிரை விடக் கொடியது நச்சுப் புகை. கரி அடுப்பையோ வாயு அடுப்பையோ முகாம் அடுப்பையோ வீட்டுக்குள் மூட்டலாகாது. மின்பிறப்பாக்கியைக் கராஜுக்குள் இயக்கலாகாது. கதவு திறந்திருப்பினும் ஆகாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியும் தலைச்சுற்றும் வாந்தியும் தோன்றினால் உடனே வெளியேறி 911-ஐ அழைக்க வேண்டும். பற்றரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று வீட்டில் இருப்பது நன்று. விறகு அடுப்பு உள்ளோர், மொன்றியல் நகர விதிப்படி மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட மின்தடையின்போது அதனைப் பாவிக்க அனுமதி உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும்.

குளிர்சாதனப்பெட்டியைத் திறக்காதிருந்தால் உணவு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் வரை தாங்கும். ஒட்சிசன் கருவி முதலியவற்றை நம்பி வாழ்வோர், மின்தடை நேர்ந்தால் என்ன செய்வதென்று முன்கூட்டியே தம் சி.எல்.எஸ்.சி. சுகாதார நிலையத்தில் கேட்டறிய வேண்டும். நெடுநேரத் தடையின்போது திறக்கப்படும் தங்குமிடங்கள் பற்றி 311 இலக்கத்தில் விசாரிக்கலாம்.

பியர்பொன்ட்ஸுக்கு இன்னோர் இடர் உண்டு. 2017 மே மாதத்தில் பிரேரி ஆறு பெருகித் தெருக்களுக்குள் புகுந்தது. மே 7 அன்று மொன்றியல் நகரம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. 2019-ஆம் ஆண்டிலும் வெள்ளம் வந்தது. நிலவறையில் நீர் தேங்கியிருக்கும்போது அதற்குள் இறங்கி மின்பலகையைத் தொடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்குமாறு ஹைட்ரோ-கியூபெக்கைக் கேட்க வேண்டும். மின்பணியாளர் பரிசோதித்த பின்னரே மீண்டும் இணைக்க வேண்டும்.

உதவி பெறும் வழிகள்

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாகாண அரசின் 'எகோனோலோஜி' திட்டம் உண்டு. குளிர்காலத்தில் ஆலோசகர் வீட்டுக்கு வந்து காற்றுப் புகும் இடங்களை அடைத்துத் தருவார். தகுதியுடைய வீடுகளுக்கு மின்னணு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பொருத்தப்படும். இதற்குக் கட்டணம் இல்லை. வெப்பமூட்டும் செலவைத் தாமே செலுத்தும் வாடகைக் குடியினரும் விண்ணப்பிக்கலாம். வீட்டு உரிமையாளர்களுக்கு, திருத்த வேலைக்கு முன் வீட்டைப் பரிசோதித்து மானியம் வழங்கும் 'ரெனோக்லிமா' திட்டமும், வெப்பப் பம்பி முதலியவற்றுக்கு உதவும் ஹைட்ரோ-கியூபெக்கின் 'லோஜிவேர்' திட்டமும் உள்ளன.

குளிர்காலக் கட்டணம் ஒரேயடியாகச் சுமையாகாதிருக்க, ஆண்டுச் செலவைச் சம தவணைகளாகப் பிரித்துச் செலுத்தும் முறை உண்டு. நிலுவை சேர்ந்துவிட்டால் மறைந்திருப்பதில் பயனில்லை. ஹைட்ரோ-கியூபெக்கை அழைத்துத் தவணை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். மின்சாரத்தால் வெப்பமூட்டப்படும் வீட்டின் இணைப்பை நிலுவைக்காக டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை துண்டிக்க இயலாது. ஆயினும் கடன் அழிந்துவிடுவதில்லை. ஏப்ரலில் அது வாசலில் நிற்கும். கட்டணம் பற்றிய முறைப்பாட்டுக்கு நிறுவனத்தில் தீர்வு கிடைக்காதபோது மாகாண எரிசக்தி ஆணையத்திடம் செல்லலாம்.

புதிய வீடு தேடுவோர், அம்முகவரியின் ஓராண்டு மின்செலவை ஹைட்ரோ-கியூபெக்கிடம் மதிப்பிட்டுக் கேட்டறியலாம். வாடகை குறைவாகத் தோன்றும் பழைய வீடு மின்கட்டணத்தால் விலை கூடியதாகிவிடும். வெப்பம் வாடகையில் அடங்கியிருந்தும் வீட்டுக்காரர் போதிய வெப்பம் தராவிட்டால், முதலில் எழுத்தில் அறிவித்து, பின்னர் 311 வழியாக நகரப் பரிசோதகரையும், தேவையாயின் மாகாண வீட்டுவசதித் தீர்ப்பாயத்தையும் நாட வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 'கட்டணம் மிகுதியாக அறவிடப்பட்டது, பணத்தை மீளப் பெற இதனை அழுத்தவும்' என்று கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி ஏமாற்று. இணைப்பை உடனே துண்டிக்கப் போவதாக மிரட்டிப் பரிசு அட்டை மூலம் பணம் கேட்பவனும் ஏமாற்றுக்காரனே. அழைப்பைத் துண்டித்து, கட்டணத் தாளிலுள்ள இலக்கத்துக்குத் தாமே அழைப்பதே முறை.

ஜாம் போத்தல் விளக்கின் கீழ் படித்த தலைமுறை இன்று இங்கு பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டது. ஒரு துளி எண்ணெயின் அருமையை அறிந்த அவர்களின் அனுபவம் இந்நாட்டு வீடுகளுக்கும் உதவும். கதவிடுக்கை அடைப்பதும் உச்ச வேளையில் சற்றுப் பொறுத்திருப்பதும் அந்த அனுபவத்தின் தொடர்ச்சியே. அவற்றோடு இன்னொன்றும் சேரட்டும்: கடுங்குளிர் இரவுகளில், அடுத்த வீட்டில் தனியே இருக்கும் முதியவரின் அறை சூடாக இருக்கிறதா என்று கதவைத் தட்டிக் கேட்பது. அதற்கு ஒரு சதமும் செலவாகாது.